துன்பத்திலும் ஒரு வாழ்த்து

நன்மை வந்தவிடத்து நன்றி கூறுதல் எவர்க்கும் எளிது. துன்பம் வந்தவிடத்தும் இறைவனை வாழ்த்த இயலுமா? இயலும் என்பதோடு நில்லாமல், அது மனிதனின் கடமை என்றே விதித்தனர் பழைய யூத அறிஞர். ஏறத்தாழக் கி.பி. 200-இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் யூதச் சட்டநூலின் முதற்பகுதியிலேயே இவ்விதி காணப்படுகிறது.

யூதர் என்னும் பெயரே நன்றியோடு தொடர்புடையது. யாக்கோபின் மனைவியருள் லேயாள் என்பவள் கணவனின் அன்பை முழுமையாகப் பெறாதவள். அவள் தன் நான்காம் மகனை ஈன்றபோது, இறைவனைப் போற்றி அவனுக்கு யூதா என்று பெயரிட்டாள் என ஆதியாகமம் கூறுகிறது. குறையுள்ள வாழ்விலிருந்து எழுந்த நன்றியே ஒரு மக்களினத்தின் பெயராயிற்று.

தல்மூத் என்னும் பெருநூலில் ஒரு கதை உண்டு. ரபி அகிவா என்ற அறிஞர் கழுதை, சேவல், விளக்கு ஆகியவற்றோடு பயணம் செய்தார். ஓர் ஊரில் அவருக்குத் தங்க இடம் தர மறுத்தனர். இறைவன் செய்வதெல்லாம் நன்மைக்கே என்று சொல்லி அவர் வெளியில் தங்கினார். காற்று விளக்கை அணைத்தது. பூனை சேவலைத் தின்றது. சிங்கம் கழுதையைக் கொன்றது. அப்போதும் அவர் அதனையே சொன்னார். அன்றிரவே ஒரு படை வந்து அவ்வூராரைச் சிறைப்பிடித்துச் சென்றது. விளக்கொளியோ, சேவலின் கூவலோ, கழுதையின் கத்தலோ இருந்திருப்பின் அவரும் சிக்கியிருப்பார்.

கதை இனிது முடிகிறது. ஆனால் அவருக்கு மட்டுமே. ஊராருக்கு அவ்விரவு நன்மையாக முடியவில்லையே! அகிவாவின் இறுதியும் அவ்வாறு இனிதாக அமையவில்லை. கி.பி. 135-ஐ ஒட்டிய காலத்தில் உரோமர் அவரைச் சித்திரவதை செய்து கொன்றனர். அப்போதும் இறைவன் ஒருவனே என்னும் மந்திரத்தைச் சொல்லியவாறே அவர் உயிர்நீத்தார் என்பது மரபு. ஆகவே, துன்பத்தின் பயன் பின்னர்த் தெரியவரும் என்ற நம்பிக்கை மட்டும் இந்நெறிக்கு அடிப்படையன்று.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. நற்செய்திக்கும் துயரச் செய்திக்கும் யூதர் ஒரே வாழ்த்தைச் சொல்வதில்லை. நல்லது கேட்டால், நன்மை செய்பவன் என இறைவனைப் போற்றுவர். இறப்புச் செய்தி கேட்டாலோ, உண்மை நீதிபதி என வாழ்த்துவர். நெருங்கிய உறவினரை இழந்தவர் அவ்வாழ்த்தைச் சொல்லித் தம் ஆடையையும் கிழித்துக்கொள்வர். உதடு வாழ்த்துகிறது, கை ஆடையைக் கிழிக்கிறது. துன்பத்தை இன்பம் என்று பொய்யாகச் சொல்லும்படி எவரையும் இந்நெறி வற்புறுத்தவில்லை.

இவ்வாழ்த்து துன்புறுவோன் தானே சொல்லவேண்டியது. பிறர் அவனுக்கு உபதேசிக்கவேண்டியதன்று. யோபுவின் நண்பர்கள் அவனது துன்பத்துக்குக் காரணம் கற்பித்துப் பேசினர். நோயுற்றோரிடம் அவ்வாறு பேசலாகாது என்று தல்மூத் தடுக்கிறது.

மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி யோகனான் புதல்வர் பதின்மரைப் பறிகொடுத்தவர் என்பர். அவர் நோயுற்ற நண்பர் ஒருவரைக் காணச் சென்று, இத்துன்பம் உமக்கு உவப்பானதா என வினவினார். துன்பமும் வேண்டாம், அதற்குரிய வெகுமதியும் வேண்டாம் என்றார் நண்பர். யோகனான் அவரைக் கடிந்தாரல்லர், கைகொடுத்து எழுப்பினார். பின்னர் அவரே நோயுற்றபோது, மற்றோர் அறிஞர் வந்து அவ்வாறே வினவினார். யோகனானும் அதே விடையைக் கூறினார்; வந்தவர் கைகொடுத்து அவரை எழுப்பினார். பிறரை எழுப்பியவர் தம்மைத் தாமே எழுப்பிக்கொள்ளலாகாதா என்று தல்மூத் கேட்கிறது. சிறையிலிருப்பவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள இயலாது என்பதே அதன் விடை.

நம் துயரை நாம் ஏற்பது பக்தி. பிறர் துயரை ஏற்கும்படி அவர்க்கு அறிவுரை கூறுவது பக்தியன்று. அவர்முன் நாம் செய்யத்தக்கது கையை நீட்டுவதே.