மணிக்கட்டில் ஒரு புடைப்பு



கையை மடக்கினால் மணிக்கட்டின் மேற்புறத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒன்று புடைத்து நிற்கும். நிமிர்த்தினால் பாதி அமுங்கிவிடும். "கொழுப்புக் கட்டியா, புற்றுநோயா?" என்று வீட்டில் எல்லோரும் தொட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே இல்லை. கேங்லியன் என்கிற நீர்க்கட்டி அது. கையில் வரும் கட்டிகளில் இதுதான் அதிகம். 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், குறிப்பாகப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது.

மருத்துவர் விளக்கை அணைத்து, கட்டியின் ஓரத்தில் சின்ன டார்ச்சை வைத்து அடிப்பார். உள்ளே நீர் இருந்தால் வெளிச்சம் ஊடுருவி, கட்டி முழுவதும் சிவந்து ஒளிரும். சதைக்கட்டி அப்படி ஒளிராது. உள்ளே இருப்பதும் வெறும் நீர் அல்ல, தெளிந்த கெட்டிக் கூழ். மெல்லிய ஊசியில் ஏறாது, பருத்த ஊசிதான் வேண்டும். ஹையலூரானிக் அமிலமும் சில புரதங்களும் அதில் உண்டு. மூட்டுக்குள் இயல்பாக இருக்கும் மசகு நீரின் உறவுதான் இது, ஆனால் அதைவிடப் பல மடங்கு கெட்டி.

கட்டியின் சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு வியப்பு. உடலில் பல நீர்க்கட்டிகளுக்கு உட்புறம் செல்களால் ஆன தொடர்ச்சியான விரிப்பு இருக்கும். கேங்லியனில் அது கிடையாது. அடுக்கடுக்காக நெருங்கிக் கிடக்கும் கொலாஜன் நார்கள், அவற்றின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டையான சில செல்கள், அவ்வளவுதான். செல்கள் பெருகிப் பெருகி வளரும் கட்டி அல்ல இது. புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் இது எங்கிருந்து முளைக்கிறது? மூட்டின் உள்ளுறை பிதுங்கி வெளியே வருகிறது என்று 18ஆம் நூற்றாண்டில் நினைத்தார்கள். இணைப்புத் திசுவே சிதைந்து கூழாகிறது என்று 1893இல் லெடர்ஹோஸ் சொன்னார். 1976இல் ஏஞ்சலிடிஸ், வாலஸ் என்ற இரு அறுவை மருத்துவர்கள், மணிக்கட்டின் மேற்புறக் கட்டி ஸ்கேஃபாய்டு, லூனேட் என்ற இரண்டு சிறு எலும்புகளைப் பிணைக்கும் நாரிலிருந்து காம்பு விட்டு எழுகிறது என்று காட்டினார்கள். அந்த நார் அடிக்கடி இழுபடும்போது அங்குள்ள செல்கள் கூழைச் சுரக்கின்றன, அது சேர்ந்து கட்டியாகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து.

மூட்டுக்குள் சாயம் செலுத்தினால் அது காம்பு வழியே கட்டிக்குள் போகும். கட்டிக்குள் செலுத்தினால் மூட்டுக்குத் திரும்பாது. சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி, ஒருவழிப் பாதை.

ஊசியால் உறிஞ்சி எடுத்தாலும் பாதிக்கு மேல் திரும்ப வருவது இதனால்தான். கூழ் போய்விடும், காம்பு அங்கேயே இருக்கும். அறுவை செய்தால் காம்பையும் அதன் அடியைச் சுற்றியுள்ள மூட்டு உறையின் சிறு பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும். கனமான புத்தகத்தால் ஓங்கி அடித்து உடைக்கும் பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம். கட்டி திரும்பிவிடும், எலும்பும் அடிபடலாம்.

வலியோ மரத்துப்போவதோ இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். பல கட்டிகள் தாமாகவே வற்றிவிடும். வேகமாகப் பெருத்தாலோ, கல்லாகக் கெட்டிப்பட்டாலோ, விரல்கள் மரத்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.