மவுத்தார்கனில் சின்ன ரி, சின்ன த



பாட்டு வகுப்புக்குப் போய் வந்த பிள்ளை, அன்று படித்த ச ரி க ம-வைப் பத்துத் துளை மவுத்தார்கனில் ஊதிப் பார்க்கிறான். ஒத்து வரவில்லை. “பெட்டி கெட்டுப்போச்சு” என்று மூலையில் போட்டுவிடுகிறோம். பெட்டியில் பழுதே இல்லை. அது சங்கராபரணத்தின் சுரங்களுக்கு அமைந்தது. வகுப்பின் முதற்பாடமோ மாயாமாளவகௌளை. இதற்கு ரியும் தவும் அரைச் சுரம் இறங்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் இடங்களைப் பார்ப்போம். 4ஆம் துளையில் ஊதினால் ச, இழுத்தால் ரி. 5இல் க, ம. 6இல் ப, த. 7இல் மட்டும் தலைகீழ்: முதலில் இழுத்து நி, பிறகு ஊதி மேல் ச. பலர் தடுமாறுவது இங்கேதான். 1 முதல் 3 வரையுள்ள துளைகளில் மவும் தவும் நேரடியாகக் கிடையா. ஆகையால் நடுவிலேயே பழகுங்கள்.

இனி, ரியை இறக்குவது எப்படி? ஒவ்வொரு துளைக்கும் ஊதுவதற்கு ஒன்று, இழுப்பதற்கு ஒன்று என இரண்டு ரீட்டுகள் உண்டு. பெரும்பாலும் பித்தளையால் ஆன மெல்லிய தகடுகள் அவை. 4ஆம் துளையை மெதுவாக இழுத்தபடியே, ‘ஈ’ என்று சொல்லும் வாயை ‘ஊ’ என்று மாற்றுங்கள். உதடு அசையக்கூடாது, நாக்குதான் பின்வாங்க வேண்டும். அப்போது ஊதும் ரீட்டும் சேர்ந்து அதிர, சுரம் வழுக்கி இறங்கும். 6இல் தவுக்கும் இதே முறைதான். பலங்கொண்டு உறிஞ்சினால் ரீட் விரைவில் களைத்து முறிந்துபோகும். கைவரச் சில வாரங்கள் பிடிக்கும்.

பொறுமையில்லாதவர்களுக்கு வேறு வழி, அந்த இரண்டு ரீட்டுகளையும் சுரண்டுவது. கீழ்மூடியைக் கழற்றினால் இழுக்கும் ரீட்டுகள் வெளியே தெரியும். அடியில் மெல்லிய தகடொன்றைச் செருகி, ஆணி அடித்த பக்கமாகச் சுரண்டினால் சுரம் இறங்கும். நுனியைச் சுரண்டினால் ஏறும். ஆனால், சுரண்டிய உலோகம் திரும்ப வராது. அந்தப் பெட்டியில் சங்கராபரணப் பாட்டும் பிறகு வாசிக்க இயலாது. எனவே புதுப் பெட்டியில் கைவைக்காதீர்கள். மூலையில் கிடக்கும் பழையதை எடுங்கள். இரண்டு இழைப்பு இழைத்ததும் தூளை ஊதிவிட்டு, சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். பிறகு இன்னும் இரண்டு இழைப்பு.