சோதனைச்சாலையில் துணையாசிரியர்

விஞ்ஞானக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பேராசிரியரைப் பற்றிப் பேசுவர்; பாடநூலைப் பற்றிப் பேசுவர்; கருவிகளுக்கு ஆகும் பொருட்செலவைப் பற்றியும் பேசுவர். ஆனால், கல்லூரிச் சோதனைச்சாலையில் மேசைக்கு மேசை நடந்து, மாணவரின் அருகே நின்று, அவர் கண்ணும் கையும் செய்யும் வேலையைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசுவோர் அரியர். முன்னாளில் அவரை டெமான்ஸ்டிரேட்டர் என்று வழங்கினர். இன்று சில கல்லூரிகளில் இளம் விரிவுரையாளர் இப்பணியைச் செய்கிறார், ஐ.ஐ.டி. போன்ற நிலையங்களில் மேற்படிப்பு மாணவரே உதவித்தொகை பெற்றுக்கொண்டு வாரத்தில் சில மணி நேரம் இதனை மேற்கொள்கிறார். பெயர் எதுவாயினும் தொழில் ஒன்றே. அவரை நாம் துணையாசிரியர் என்றே அழைப்போம்.

மாணவர் வருமுன்னரே அவர் வேலை தொடங்கிவிடுகிறது. பியூரெட்டின் திருகு கசிகிறதா, தராசின் தட்டுகள் சமநிலையில் நிற்கின்றனவா, கரைசல்கள் உரிய செறிவில் உள்ளனவா என்று அவர் பார்த்து வைக்கவேண்டும். மாணவர் வந்தபின் அவர் கண் ஓரிடத்தில் நிற்பதற்கில்லை. கந்தக அமிலத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டுமே யல்லாமல், தண்ணீரை அமிலத்தில் ஊற்றலாகாது. ஊற்றினால் எழும் வெப்பத்தில் அமிலம் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டைபோல் நாறும். ஆனால் அளவு மிகுந்தால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமற் போய்விடும். நாற்றம் நின்றதென்று மாணவர் மகிழும் வேளையே அபாயம் மிகுந்த வேளையாகவும் இருக்கக்கூடும். இவற்றையெல்லாம் புத்தகமும் சொல்லத்தான் செய்கிறது. ஆனால், கை தவறும் அந்தக் கணத்தில் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தப் புத்தகத்தால் இயலாது.

காவல் வேலை இவ்வளவு. கற்பிக்கும் வேலை இதனினும் நுட்பமானது. ஓர் எளிய சோதனையை எடுத்துக்கொள்வோம். நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு, அது இருபது முறை ஊசலாட ஆகும் நேரத்தை அளந்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகிறோம். வரவேண்டிய விடை ஏறக்குறைய 9.8. ஒரு மாணவருக்கு 10.86 வருகிறது. அவர் திகைக்கிறார். அனுபவமுள்ள துணையாசிரியரோ அந்த எண்ணைக் கண்டவுடனே காரணத்தை ஊகித்துவிடுவார். கடிகாரத்தை ஓடவிட்ட கணத்தில் ‘பூஜ்யம்’ என்று எண்ணத் தொடங்குவதற்குப் பதிலாக, மாணவர் ‘ஒன்று’ என்று தொடங்கியிருக்கிறார். ஆகவே இருபது என்று அவர் நிறுத்தியபோது குண்டு ஆடியது பத்தொன்பது முறையே. காலத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால், அதன் வர்க்கத்தால் வகுத்து வரும் விடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடிவிடுகிறது.

இப்போது துணையாசிரியர் முன் இரண்டு வழிகள் உள்ளன. “நீ ஒன்றிலிருந்து எண்ணிவிட்டாய், திருத்திக்கொள்” என்று சொல்லி அடுத்த மேசைக்குச் செல்வது ஒரு வழி. “எங்கே, வாய்விட்டு எண்ணியபடி மறுபடியும் ஒருமுறை செய் பார்க்கலாம்” என்று சொல்லி அருகில் நிற்பது மற்றொரு வழி. முதல் வழியில் விடை கிடைக்கிறது. இரண்டாவது வழியில், தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் ஆற்றல் கிடைக்கிறது. பின்னதற்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமே இத்தொழிலின் சாரம் எனலாம்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதுவே நாம் அஞ்சவேண்டியது. 9.8 வரவேண்டும் என்பது மாணவருக்கு முன்பே தெரியும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அதற்கேற்ற நேரங்களை ஏட்டில் எழுதிவிடுவது அவருக்கு எளிது. சென்ற ஆண்டு மாணவரின் ஏட்டைப் பார்த்து எழுதுவது அதனினும் எளிது. துணையாசிரியர் கையொப்பமிடும் அவசரத்தில் விடையை மட்டும் பார்ப்பாரானால், பொய்க்கு மதிப்பெண்ணும் மெய்க்குத் தண்டனையும் வழங்கியவர் ஆகிறார். இருபது வயதில் சோதனை ஏட்டில் எண்ணை மாற்றப் பழகிய கை, பின்னர் மருந்துத் தொழிற்சாலையிலோ, பாலத்திற்குச் சிமெண்டைச் சோதிக்கும் இடத்திலோ பழக்கத்தை விட்டுவிடும் என்பதற்கு உறுதி என்ன?

எதிர்பாராத அளவை மதிக்கவேண்டும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1923-ஆம் ஆண்டில் கல்கத்தாவில், இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் சோதனைச்சாலையில், சர் சி.வி. ராமனின் வழிகாட்டுதலில் கே.ஆர். ராமநாதன் தண்ணீரில் ஒளி சிதறுவதை ஆராய்ந்து வந்தார். இருக்கவேண்டாத ஒரு மங்கிய ஒளி தென்பட்டது. தண்ணீரில் கலந்த அழுக்கின் விளைவோ என்று எண்ணி, அதனை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்திப் பார்த்தனர். ஒளி மறையவில்லை. கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று அவர் அதனை ஏட்டிலிருந்து நீக்கிவிடவும் இல்லை. பின்னர் கே.எஸ். கிருஷ்ணனும் அதே சோதனைச்சாலையில் அந்த ஒளியைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி அதன் உண்மை வெளிப்பட்டது. ராமன் விளைவு என்று உலகம் அதனைப் போற்றியது. 1930-இல் நோபெல் பரிசும் கிட்டியது.

இங்கே நேயர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ராமநாதன் 1914 முதல் சில ஆண்டுகள் திருவனந்தபுரத்தில் பௌதிக டெமான்ஸ்டிரேட்டராக இருந்தவர். கிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்டிரேட்டராக இருந்தவர். நண்பகல் உணவு வேளையில் மாணவரைக் கூட்டி, பௌதிகமோ கணிதமோ ரசாயனமோ, எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று அவர் விடை கூறி வந்தார். அண்டைக் கல்லூரி மாணவரும் அங்கே வந்து கூடினர். பிற்காலத்தில் ராமநாதன் ஆமதாபாத்தின் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்திற்கும், கிருஷ்ணன் தில்லியின் தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்திற்கும் முதல் இயக்குநர்கள் ஆயினர். மேசைக்கு மேசை நடந்த அந்நாட்கள் இவர்களுக்கு வீணாகவில்லை. பிறர் கையின் பிழையை நாள்தோறும் காண்பவருக்குத் தம் கையின் பிழையும் கருவியின் பிழையும் விரைவில் புலப்படும்.

2020-ஆம் ஆண்டில் நோய்ப் பரவலால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, சோதனைகளைத் திரையில் காட்டிக் கற்பித்தனர். இக்கட்டான காலத்தில் அது பேருதவியே. எனினும், திரையில் ஆடும் ஊசல் ஒருபோதும் தடுமாறுவதில்லை. திரையில் உள்ள பியூரெட் கசிவதில்லை. தவறாத கருவியைக் கொண்டு, தவற்றைக் கண்டுபிடிக்கும் கலையைக் கற்பிப்பது அரிது.

ஆகவே, இப்பணியை ஏற்கும் இளைஞர்கள் இதனைத் தம் ஆராய்ச்சிக்கு இடையே வந்த இடையூறாக எண்ணவேண்டாம். கல்லூரியை நடத்துவோரும் ஒரு துணையாசிரியரிடம் அளவுக்கு மீறிய மாணவரை ஒப்படைக்கலாகாது; நின்று பார்க்க நேரமில்லாதவர் கையொப்பமிட மட்டுமே வல்லவராவார். “எனக்கு வந்த விடை இதுதான், ஐயா, ஏன் இப்படி வந்தது என்று தெரியவில்லை” என்று ஒரு மாணவர் அச்சமின்றிச் சொல்லக்கூடிய சோதனைச்சாலை எங்கு இருக்கிறதோ, அங்கே விஞ்ஞானம் வேரூன்றிவிட்டது என்று நாம் நம்பலாம்.