நாமே எழுதும் நற்சான்று

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்பு வரையே பயின்று, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நாம், கற்றோர் நிறைந்த இவ்வவையில் கணிப்பொறி வல்லுநர்போற் பேசத் துணியவில்லை. ஏட்டையும் பதிவையும் கையாண்டு பழகிய ஒருவரின் கண்கொண்டு, நம் பிள்ளைகள் வேலை தேடும் முறையைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த நம் முன்னோர், வேலை கேட்ட இடத்தில் எதிர்கொண்ட முதற் கேள்வி, "நீ யார் பிள்ளை? உன்னை அறிந்தவர் யார்?" என்பதே. சாலைக் கடைத்தெருவிலோ கரமனையிலோ மதிப்புடைய ஒருவர் சொல்லும் சொல்லே அதற்கு விடையாயிற்று. அக்கேள்வி இன்றும் மறையவில்லை. விடை சொல்வோர்தாம் மாறிவிட்டனர். 1990இல் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க் வளாகத்தில் நம் பிள்ளை ஒரு வேலைக்கு விண்ணப்பித்தால், அவனை நேரிற் காணுமுன் அவனது பக்கத்தைக் காண்போர் உண்டு. 2003இல் வந்த லிங்க்ட்இன் வேலைக்கென்றே அமைந்தது. 2004இல் தோன்றிய முகநூல் நட்புக்காக அமைந்தது. ஆள் எடுப்போர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவர் என்று நம்புதற்கில்லை.

நாம் பணிபுரியும் துறையில் ஒவ்வொருவர்க்கும் பணிப்பதிவேடு உண்டு. அதனைப் பிறர் எழுதுவர், அதிகாரி கையொப்பமிடுவார். பிழையான வரியைச் சுரண்டி அழித்தல் ஆகாது. கோடிட்டு, சுருக்கொப்பமிட்டுத் திருத்துதலே முறை. அடித்த வரியும் படிக்கக் கூடியதாகவே நிற்கும். சமூக ஊடகப் பக்கமோ நாமே எழுதும் பதிவேடு. அதில் அழித்துவிட்டோம் என்று நாம் எண்ணும் வரி, எவரேனும் எடுத்து வைத்த படமாக வேறோரிடத்தில் வாழ்ந்திருக்கும்.

2018 ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தின்போது, துயருற்றோர்க்கான உதவியை இழித்து முகநூலில் எழுதிய கேரள இளைஞர் ஒருவர், ஓமான் நாட்டில் தாம் பார்த்து வந்த வேலையை இழந்தார். மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. 2019 முதல் அமெரிக்க நாட்டு விசா விண்ணப்பம், சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களையும் கேட்கிறது. கடல் கடக்க விரும்பும் பிள்ளைகள் இதனை நினைவிற் கொள்க.

சட்டம் நமக்குத் துணையில்லையோ எனின், உண்டு. எனினும் அதற்கு எல்லையும் உண்டு. 2015 மார்ச்சு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும், கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவையும் செல்லாதனவாக்கியது. எழுதியதற்காகச் சிறை புகும் அச்சம் அதனால் ஓரளவு குறைந்தது. ஆனால், தனியார் முதலாளி ஒருவர் நம் பிள்ளையை நேர்முகத்திற்கு அழையாது விடுவதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை.

அழையாமைக்குக் காரணம் எப்போதும் பிள்ளையின் குற்றமன்று. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், கற்பனை விண்ணப்பங்களை 4,000க்கு மேற்பட்ட அளவில் அனுப்பிச் சோதித்தனர். ஆய்வு 2020இல் வெளியாயிற்று. தகுதி ஒன்றே, சமயம் மட்டும் சமூக ஊடகப் பக்கத்தில் தெரிந்தது. நாடு முழுமைக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் குடியரசுக் கட்சி ஓங்கிய பகுதிகளில், இசுலாமியராகத் தோன்றியோர்க்கு அழைப்பு குறைந்தது. குற்றம் அவ்வாறு நோக்குவாருடையது, இழப்போ பிள்ளையுடையது. நம்மவர் பக்கங்களில் சாதிப்பட்டமும் கட்சிக்கொடியும் முன்நிற்பதைக் காணும்போது நமக்குக் கவலை மிகுகிறது.

ஆகவே, அஞ்சி ஒளிக என்று நாம் சொல்லவில்லை. வேலைக்கென ஒரு பக்கத்தைத் தனியே வைத்து, அதில் உண்மையான கல்வியையும் பயிற்சியையும் எழுதுக. இல்லாத பட்டத்தை எழுதுதல் வேண்டா. சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அது தலைகுனிவையே தரும். வீட்டுப் பக்கத்தை உற்றார்க்கு மட்டும் திறந்து வைக்க. பெண்மக்கள் தம் படங்களைப் பூட்டி வைப்பதில் குறை காணாதீர், அது தற்காப்பு. தமிழறிவை மறைக்கவே வேண்டா. தமிழும் மலையாளமும் பேசவும் எழுதவும் வல்ல பிள்ளைக்கு அவ்விரண்டும் தகுதிகளே. அவற்றை முதற்பகுதியிலேயே எழுதுக.

இரயில்வே வேலைக்குத் தேர்வும், சான்றிதழும், உடற்கூற்றுச் சோதனையுமே வழி. அங்கே முகநூலுக்கு மதிப்பெண் இல்லை. ஆயினும் பணியிற் சேர்ந்தபின் 1966ஆம் ஆண்டு நடத்தை விதிகள் நம் எழுத்தையும் கட்டுப்படுத்தும்.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். முன்னாளில் ஒரு பெரியவரின் சொல் வாயிலைத் திறந்தது. அத்தகைய பெரியவர் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இன்று திரையின்முன் தனியே அமர்ந்திருக்கின்றனர். திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்முள் டெக்னோபார்க்கில் பணிபுரிவோர் அவர்களோடு அமர்ந்து, பக்கத்தைப் படித்துத் திருத்தித் தரலாகாதா? செலவில்லாத தொண்டு இது; ஒரு குடும்பத்தின் அடுப்பை எரியச் செய்யும் தொண்டுமாகும்.