களாகத்ர் என்று கையெழுத்துப் போடாதீர்கள்!
(செஞ்சி கூட்டத்தில் ஆற்றிய உரை)



திண்டிவனம் - திருவண்ணாமலை சாலை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. அதில் அடிபட்டு விழுந்த வாலிபனின் வீட்டில் 'களாகத்ர்' என்கிறார்கள். மூன்றாம் நாள் லாரிக்காரர் தரப்பு பத்தாயிரத்தை நீட்டி, 'வழக்கு வேண்டாம்' என்று எழுதி வாங்கிவிடுகிறது. கால் போனவனின் கடையை யார் நடத்துவது?

கத்ரை நம்புகிறோம். ஆனால் தவறுதலாக உயிர் போனாலும் வாரிசுக்குத் தியத் உண்டென்கிறது குர்ஆன் (4:92). உரிமையைக் கேட்பது பேராசையா?

1988 மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவின்படி, நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். 2022 ஏப்ரல் முதல் 6 மாதக் கெடு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயிருக்கிறார்களே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இடித்த வண்டி அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டதா? அப்போதும் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு.

எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, மருந்துக்கடை பில் எதையும் எறியாதீர்கள். கடைக் கணக்கு நோட்டும் வேண்டும். (நம்மவர்களில் பலர் கணக்கே எழுதுவதில்லை, அது வேறு வேதனை!) வருமானத்துக்கு அத்தாட்சி இல்லாவிட்டால் தொகை குறையும்.

வக்கீலுக்குப் பணமில்லையா? 1987 சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் பாராமல், சட்டப்பணிகள் குழு இலவச வக்கீல் தரும். கணவனை இழந்த சகோதரி தரகரிடம் சிக்குமுன் ஜமாஅத் நிர்வாகிகளே அங்கே அழைத்துப் போகட்டும். இத்தா முடியட்டும் என்று காகிதங்களைப் பூட்டி வைக்காதீர்கள்; அந்த 4 மாதம் 10 நாளும் கெடுவில்தான் கழிகிறது.