கல்லில் நின்ற மொழி

மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர் என்பது நேயர்கள் அறிந்ததே. வென்றவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர். அஃதாவது ஆயரின்றி மூப்பர் அவையால் நடத்தப்படும் பிரெஸ்பிட்டேரியன் மரபினர். அச்சபையின் பழைய கல்லறைக் கற்களைக் காண விழைவோர் கொழும்பிலே வுல்பெண்டால் தேவாலயத்திற்குச் செல்லலாம்.

ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது அப்பெயரின் பொருள். இலங்கையில் ஓநாய் ஏது? நரியைக் கண்டு மயங்கினர் போலும்! தேவாலயப் பணி 1749இல் தொடங்கி 1757இல் நிறைவுற்றது.

ஆயினும் ஆளுநர்கள் முதலில் அடக்கம் பெற்ற இடம் அதுவன்று. கொழும்புக் கோட்டையினுள்ளே, போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் தமதாக்கிக்கொண்ட தேவாலயமொன்று இருந்தது. 1656ஆம் ஆண்டு முற்றுகையில் மாண்ட தளபதி ஹுல்ஃப்டின் உடல்கூட, காலியில் அடக்கப்பட்டு, கொழும்பு வீழ்ந்தபின் அங்கே கொண்டுவரப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் அத்தேவாலயம் பாழடைந்தது. 1813ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து இரவொன்றில், தீவட்டி வெளிச்சத்தில், ஆளுநர்களின் எச்சங்கள் ஊர்வலமாக வுல்பெண்டாலுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. பழைய இடம் பின்னாளிற் கோர்டன் பூங்காவாயிற்று.

வுல்பெண்டாலின் தளத்தில் இன்று குலச்சின்னங்களோடு ஒல்லாந்த வாசகங்கள் பொறித்த கற்கள் பதிந்துள்ளன. அவற்றைப் படிக்கவல்லார் மிகச் சிலரே. ஒல்லாந்தர் ஆண்ட காலத்திலேயே அவர்தம் வீடுகளிற் போர்த்துக்கேயமே வழங்கிற்று. மனைவியரும் செவிலியரும் அதனையே பேசினர். ஒல்லாந்த மொழி கல்லாத அடிமைகளின் தலையை மழிக்க வேண்டுமென்றுகூட ஆணை பிறந்தது, பயன் விளையவில்லை. 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. பறங்கியர் பின்னர் ஆங்கிலத்தைக் கைக்கொண்டனர். 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தின் பின் அவர்களுட் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். முன்னோரின் கற்களை மட்டும் உடன்கொண்டு செல்ல இயலவில்லை.

தோற்றவர் மொழிக்கு நேர்ந்தது வேறு. மட்டக்களப்பிலே பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில், மூத்தோர் வாயிலாக, போர்த்துக்கேயக் கிளைமொழி இன்றும் கேட்கிறது. அரசோ பள்ளிக்கூடமோ அதனைக் காத்ததில்லை. தச்சும் கொல்லும் தொழிலாகக் கொண்ட எளிய குடும்பங்களே காத்தன.

ஒல்லாந்த மொழி முற்றாக மறைந்தது என்றலும் பொருந்தாது. காலையிற் கந்தோருக்குச் செல்பவரும், மேசையின் லாச்சியைத் திறப்பவரும், தம்மையறியாமலே அம்மொழியின் சொற்களை ஆள்கின்றனர். வுல்பெண்டாற் கற்களைப் படிக்க அவ்விரு சொற்கள் போதா.