நெல் விளையாத சிற்றரசு



தோக்குகாவா காலத்துச் சிறிய ஆட்சிப்பகுதிகளைப் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்ட நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. சிறியது என்று யார் அளந்தார்கள், எந்தப் படியால் அளந்தார்கள்?

அன்றைய ஜப்பானில் அளவுகோல் அரிசி. ஒரு கோகு ஏறத்தாழ 180 லிட்டர்; ஓர் ஆளுக்கு ஓராண்டுச் சோறு என்பது கணக்கு. (உச்சரிப்புக்கு உண்மையாக எழுதினால் 'கொக்கு' என்று வரும். வயலில் இறங்கிக் கொக்கு எண்ணுகிறேன் என்று நினைத்துவிடுவீர்கள்; கோகு என்றே இருக்கட்டும்.) 10,000 கோகு விளைச்சல் ஏட்டில் ஏறினால் அவர் டைமியோ, அவருடைய ஆட்சிப்பகுதி ஹான். காகா ஹானுக்கு 10 லட்சத்துக்கு மேல். இப்படி ஏறுவரிசையில் நின்ற 260க்கும் மேற்பட்ட ஹான்களில், எண்ணே இல்லாமல் நின்றது மட்சுமாயே. இன்றைய ஹொக்கைடோவின் தென்மேற்கு முனையில் இருந்தது. அந்தக் குளிரில் அன்று நெல் விளையவில்லை. அரசர் வீட்டு உலைக்குக்கூட அரிசி கடல் தாண்டித்தான் வந்தது. 1719இல்தான் ஷோகன் அரசு, போனால் போகிறது என்பதுபோல, 10,000 கோகு உடையவருக்குரிய தகுதியை அந்தக் குடும்பத்துக்கு வழங்கியது. தகுதி வந்ததே தவிர வயல் வரவில்லை.

வயல் இல்லாத அரசர் எதை வைத்து ஆண்டார்? ஒரு வாசலை வைத்து. 1593இல் அந்தக் குடும்பத் தலைவர் காகிசாகி யோஷிஹிரோ, கொரியப் படையெடுப்புக்காகக் கியூஷுவில் தங்கியிருந்த, அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியைத் தேடிப்போய்ச் செம்முத்திரைச் சாசனம் பெற்றார். 1599இல் குடும்பப் பெயரை மட்சுமாயே என்று மாற்றிக்கொண்டார். 1604இல் ஷோகன் தோக்குகாவா இயேயாசு கருமுத்திரைச் சாசனம் கொடுத்தார். மட்சுமாயேயின் அனுமதியின்றி வேறெவரும் ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களோடு வணிகம் செய்யக்கூடாது என்பது அதன் சாரம். மற்ற டைமியோக்களுக்குக் கிடைத்தது நிலத்தின் மீதான உரிமை. இவருக்குக் கிடைத்தது, கொடுக்கல் வாங்கலில் நடுவே நிற்கும் உரிமை. அதே சாசனத்தில், ஐனு மக்கள் எங்கு போவதும் வருவதும் அவர்கள் விருப்பம் என்றும் ஒரு வரி உண்டு. அந்த வரி செத்த கதைதான் மட்சுமாயேயின் வரலாறு என்பேன்.

சாமுராய்களுக்குச் சம்பளமாக அரிசி கொடுக்க வழியில்லை. ஆகவே கரையோரத்தில் ஆளுக்கொரு வணிகத் துறையைப் பிரித்துக் கொடுத்தார்கள். சாமுராய் கப்பலில் அரிசி, சாராயம், இரும்புச் சாமான் ஏற்றிப்போய், காய்ந்த சால்மன், தோல், கழுகிறகு கொண்டுவருவார். முன்பெல்லாம் ஐனு மக்களே படகேறிப் போய் விலை பேசி வந்தார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு அவர்கள் தம் துறையிலேயே உட்கார்ந்து, வருகிற கப்பல் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதாயிற்று.

இங்கேதான் நான் ஒரு மூட்டையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தொடக்கத்தில் ஒரு மூட்டை அரிசிக்கு நூறு காய்ந்த சால்மன். அந்த மூட்டையில் 2 தோ, அதாவது சுமார் 36 லிட்டர் அரிசி இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே நூறு மீனுக்கு வந்த மூட்டையில் ஒரு தோகூட இல்லை, 7, 8 ஷோதான் இருந்தது. பதினான்கு லிட்டர் தேறினால் அதிகம். விலை ஏறவில்லை பாருங்கள்! ஒரு மூட்டைக்கு நூறு மீன் என்ற பேச்சு அப்படியேதான் இருந்தது. மூட்டை மட்டும் மெலிந்தது. இந்தக் குறை நமக்குத் தெரியவருவது மட்சுமாயேயின் ஏடுகளிலிருந்து அன்று. நீரிணைக்குத் தெற்கே இருந்த ட்சுகாரு ஹான் ஆள் அனுப்பி விசாரித்துத் தொகுத்த குறிப்புகளிலிருந்து. ஒரு சிற்றரசின் உண்மையை அறிய வேண்டுமானால் அண்டை வீட்டு ஏட்டைப் புரட்டுங்கள் என்று மாணவர்களிடம் நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

1669இல் ஐனு தலைவர் ஷாகுஷாயின் எழுந்தார். முதலில் அது இரு ஐனு குழுக்களுக்கிடையே வேட்டை, மீன்பிடி எல்லை பற்றிய பழைய பகை. எதிர்த்தரப்பிலிருந்து மட்சுமாயேக்கு உதவி கேட்டுப் போன தூதர் திரும்பும் வழியில் அம்மை கண்டு இறந்தார். நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று செய்தி பரவியது. அந்தச் செய்தியை அத்தனை பேர் ஒரே மூச்சில் நம்பினார்கள் என்றால், மெலிந்த மூட்டைகள் அதற்கு முன்பே எவ்வளவு பேசியிருக்க வேண்டும்! போர் மாதக்கணக்கில் நீண்டது. கடைசியில் சமாதான விருந்துக்கு அழைத்து ஷாகுஷாயினைக் கொன்றார்கள்.

அடுத்த நூற்றாண்டில் சாமுராய்கள் துறைகளைப் பெருவணிகருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். மீனைக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டிருந்த ஐனு மக்கள், வணிகரின் மீன்பிடித் துறையில் கூலிகளானார்கள். ஹெர்ரிங் மீனை அவித்துப் பிழிந்த சக்கை, மேற்கு ஜப்பானின் பருத்தி வயல்களுக்கு உரமாகக் கப்பலேறியது. கொம்பு என்னும் கடற்பாசி ஒசாகாவுக்கும் அங்கிருந்து சீனம்வரையும் போனது. தனக்கென ஒரு வயல் இல்லாத ஹான் பிறர் வயல்களுக்கு உரம் போட்டது. கோகு ஏட்டில் இதை எழுத இடமே கிடையாது.

1789இல் குனாஷிர் தீவிலும் மெனாஷிக் கரையிலும் ஐனு மக்களின் கலகம் வெடித்து 71 ஜப்பானியர் மாண்டனர். பிறகு 37 ஐனு மக்களுக்குத் தலை போனது. மறு ஆண்டு, அரச குடும்பத்தில் பிறந்த ஓவியர் காகிசாகி ஹாக்யோ, மட்சுமாயேக்குத் துணைநின்ற பன்னிரண்டு ஐனு தலைவர்களை வரைந்தார். அந்தப் படங்கள் கியோட்டோவுக்குப் போய்ப் பேரரசரின் பார்வைக்கும் சென்றன. தலைவர்கள் சீனப் பட்டு உடுத்தியிருக்கிறார்கள். அதன்மேல் சிலர் ரஷ்ய மேலங்கி அணிந்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய மனிதர்கள் எங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று தலைநகருக்குச் சொல்லும் படங்கள் அவை. கலகத்தைத் தடுக்கத் தவறிய ஒரு ஹானுக்கு அப்படியொரு படம் அப்போது மிகவும் தேவைப்பட்டது.

அதுவும் நெடுநாள் கைகொடுக்கவில்லை. 1792இல் ரஷ்யத் தூதர் லாக்ஸ்மன் நெமுரோவில் வந்திறங்கினார். வாசலைக் காக்க மட்சுமாயேயால் ஆகாது என்று ஷோகன் அரசு முடிவுகட்டியது. 1799இல் கிழக்குப் பகுதியை எடுத்துக்கொண்டது. 1807இல் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு, குடும்பத்தை ஹொன்ஷுவின் யானாகாவாவுக்கு மாற்றியது. அங்கே அவர்களுக்கு 9,000 கோகு. நெல் விளையும் நிலம் கைக்கு வந்தது, தண்டனையாக! 1821இல் ஊர் திரும்பினார்கள். 1854இல் கோட்டையும் கட்டி முடித்தார்கள். 1868இல் ஷோகன் தரப்பில் நின்ற ஹிஜிகாதா தோஷிஸோவின் படை அதைப் பிடித்தது. 1871இல் மற்ற ஹான்களோடு இதுவும் மறைந்தது.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஹானின் கோகு எண்ணை முதல் பத்தியில் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த பத்தியில் அந்த ஊர் மூட்டையின் எடையையும் எழுதிவிடுங்கள். கட்டியவர் சொன்ன எடையை மட்டும் எழுதாமல், பிரித்துப் பார்த்தவர் சொன்னதையும் சேர்த்து.

ஹாக்யோவின் பன்னிரண்டு படங்களில் பதினொன்று, பிரான்சின் பெசன்சோன் அருங்காட்சியகத்தில் இருப்பது 1984இல் தெரியவந்தது. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தன என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டு ஐனு தலைவர்களின் சொந்த உடையா, ஓவியர் போர்த்தியதா என்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதல் அமர்வில் அதைப் பற்றியே ஒரு கட்டுரை இருக்கிறது. நான் நேரத்தை நிறைய எடுத்துக்கொண்டேன். கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.